ஒரு பிள்ளைக்கு ஒன்று

1

போன வாரம் என் கடைசி மகள் பொன்னி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, தான் சேரப்போகிற நான்கு காரியங்களைச் சொன்னாள். பந்து விளையாட்டு, பாட்டு, தையல், நாடகம். எல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடப்பவை. எல்லாவற்றுக்கும் டீச்சரிடம் பெயர் கொடுத்துவிட்டாளாம்.

"ஒண்ண எடுத்துக்க. மத்த மூணுக்கும் வரலைன்னு நாளைக்குப் போயி சொல்லிடு," என்றேன்.

"சண்டைதான் முடிஞ்சிருச்சேம்மா. இன்னும் அந்தச் சட்டமா?"

"இன்னும் அந்தச் சட்டந்தான்."

"வேற யாரு வீட்டுலயும் இப்படி இல்லலா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தோசை தின்றுகொண்டே, "நாடகம்," என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு முடிந்துவிட்டது. எனக்குத்தான் அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது. சுங்கை பட்டாணியில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் மின்சார விளக்கு இருக்கிறது. பானையில் அரிசி இருக்கிறது. பொன்னி நான்கிலும் சேர்ந்தாலும் மயங்கி விழப்போவதில்லை. இருந்தும் ஏன் வேண்டாம் என்றேன்?

ஊரிலிருந்து வருகிறவர்கள் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி எங்களிடம் கேட்பது இரண்டு விஷயங்கள்தான். சோற்றுக்கு என்ன செய்தீர்கள், சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள். கேட்க வேண்டியவைதான். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்திலும் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், எதையெதையோ கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார்கள், அடம் பிடித்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. அதனால் அதை எழுதுகிறேன். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைத்து எழுதத் தெரியவில்லை.

2

நான் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, கெடாவில் சிடாம் கிரி பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். பெரிய டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, பொய்க் காய்ச்சலோடு வருகிறவனை வேலைக்கு விரட்டுவது எல்லாம் அவர்தான். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. அவர் டிரெசர் ஐயா, நான் டிரெசரம்மா.

சண்டை வந்தபோது எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் தனத்துக்குப் பதினொரு வயது. கதிரேசன் அவளுக்கு இளையவன். பொன்னி அப்போது என் இடுப்பைவிட்டு இறங்காத வயதில் இருந்தாள். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஒரு நாள் காலையில் காரில் ஏறித் தெற்கே போனார். கூட நாயை ஏற்றிக்கொண்டார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சில நாட்களில் சாலையில் சைக்கிளில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள்.

வந்ததும் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். சூரியன் எப்போதும் வருகிற நேரத்துக்குத்தான் வந்தது. பிள்ளைகள்தான் இருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். சாலையில் நிற்கும் சிப்பாய்க்குத் தலை குனிய வேண்டும். காலையில் ஒரு வார்த்தை, மாலையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு மாலையில் காலை வார்த்தையைச் சொல்லிவிட்டு, வெயிலில் நின்றவர்போல் சிவந்த கன்னத்தோடு வீடு வந்து சேர்ந்தார். கன்னம் வெயிலால் சிவக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

நன்றி சொல்வதற்கு அவர்கள் பாஷையில் 'அரிகாத்தோ' என்பார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், இருந்த பெண்களுக்கு அது 'அரிசி காட்டு' என்றுதான் காதில் விழுந்தது. "காட்டச் சொல்றாங்களே, யாருகிட்ட அரிசி இருக்கு காட்டுறதுக்கு?" என்று பங்கீட்டு வரிசையில் நின்று சிரிப்பார்கள். சிரிப்பு கொஞ்ச காலம்தான் இருந்தது. பங்கீட்டு அரிசி குறைந்துகொண்டே வந்தது. அதில் பாதி சுண்ணாம்பு வாடை அடிக்கும். மரவள்ளிக்கிழங்குதான் காலையும் மாலையும். லயங்களில் திடகாத்திரமான ஆண்கள் ஒவ்வொருவராகச் சயாமுக்கு லாரி ஏறினார்கள்.

3

அந்த நிலையிலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருந்தது. இதைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழும் கணக்கும் தவிர வேறொன்றும் கிடையாது. ஜப்பான்காரன் வந்த பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் கிழங்குத் தோட்டத்தில் வேலை, அதற்கப்புறம் காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் டிரில், பிறகு ஜப்பான் பாஷை வகுப்பு, வாரத்தில் சில நாள் பாட்டுக் குழு. இதற்கெல்லாம் சம்பளம் ஒன்றும் கட்ட வேண்டாம். பேர் கொடுத்தால் போதும்.

பேர் வாங்குகிறவர் சாமிநாதன் வாத்தியார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். சுங்கை பட்டாணியில் அவசர அவசரமாக அவருக்கு ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் அதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"எல்லாத்துலயும் பிள்ளைங்க பேரு இருந்தா நல்லதும்மா," என்று என்னிடம் சொல்லியிருந்தார். "நாளைக்கு யாராச்சும் கேட்டா, டிரெசர் வீட்டுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் வருதுங்கன்னு சொல்லலாம்."

அதனால் தனமும் கதிரேசனும் எல்லாவற்றிலும் இருந்தார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். என் மகள் அந்நிய பாஷையில் பேசுவதையும் வரிசையில் கை வீசி நடப்பதையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மாலை டிரில் நடக்கும்போது தனம் விழுந்துவிட்டாள். நான் ஓடிப் போவதற்குள் அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தூக்கிக்கொண்டார். வீட்டில் படுக்க வைத்து, இமையை இழுத்துப் பார்த்து, நாடி பிடித்து, வயிற்றை அமுக்கி எல்லாம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னங்க அவளுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா மருந்து என்ன?"

"சோறு."

"அது இல்லியே."

"அப்ப உக்கார வை," என்றார்.

தனத்தின் கை என் மடியில் கிடந்தது. அதன் எடை என் மடிக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் அவள் தின்கிற கிழங்கு அவளைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குமேல் அவள் நடந்தது, பாடியது, கை வீசியது எல்லாம் அவளுடைய உடம்பைத் தின்றுதான். நல்ல காரியங்களாகவே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அன்று இரவே கிழங்கும் மிளகாயும் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தபோது சொன்னேன்: "பள்ளிக்கூடம் விட்டதுக்கப்புறம் இனிமே ஒரு பிள்ளைக்கு ஒண்ணு. கிழங்குத் தோட்டம் எல்லாருக்கும் உண்டு, அது வயித்துக்கு. அதுபோக ஒண்ணே ஒண்ணு."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பேர எடுத்தா கேப்பாங்க."

"ஒண்ணுமே இல்லன்னாத்தாங்க கேப்பாங்க. ஒண்ணுல இருக்குல்ல."

"எதுன்னு நீயே சொல்லப்போறியா?"

"நான் ஏன் சொல்லணும்? படிக்கப்போறது அதுங்க. எதுன்னும் ஏன்னும் அதுங்களே சொல்லட்டும். நாளைக்கு வரைக்கும் யோசிங்க."

பேசி வைத்து வந்த யோசனை இல்லை அது. வாயில் வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் சரியாகத்தான் சொன்னோம் என்று பட்டது. பசியில் இருக்கிற பிள்ளைக்கு நாம் கொடுக்க முடிந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எதில் போடுவது என்பதையாவது அது முடிவு செய்யட்டும்.

4

கதிரேசனுக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. "டிரில்," என்றான்.

அவனுடைய அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மரத்துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிற பையன்களை நாளைக்கு என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? சயாமுக்குப் போன ஆட்களில் சிலர் அவனைவிட நாலைந்து வயதுதான் பெரியவர்கள்.

"ஏன்டா டிரில்?" என்று கேட்டேன்.

தட்டில் ஒட்டியிருந்த கிழங்கை வழித்தான். "வரிசையில நின்னா பசி தெரியலம்மா," என்றான்.

டிரில் அவனுக்கு என்று ஆனது. ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்தோம். டிரில் எங்கள் தோட்டத்துக் களத்தில் மட்டும். டவுனில் அணிவகுப்பு என்று கூப்பிட்டால் அவன் வர மாட்டான், டிரெசர் மகனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். காய்ச்சல் சீட்டு எழுதுகிறவர் வீட்டிலேயே இருந்தார்.

தனம் பாட்டைத்தான் எடுப்பாள் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அவளுக்கு நல்ல குரல். கோவில் பூசையில் அவள் பாடினால் லயத்துச் சண்டைக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அவள் "ஜப்பான் பாஷை" என்றபோது எனக்குச் சட்டென்று கோபம் வந்தது.

"பாட்ட விட்டுட்டு அந்தக் கரமுரா சத்தத்தையா?"

"பாட்டு யாரும் சொல்லிக்குடுக்காட்டியும் எனக்கு வரும்மா. இது இப்ப விட்டா அப்புறம் வராது."

"உன் அப்பாவ அடிச்சவங்க பாஷை அது," என்றேன். அந்தக் கன்னத்து விஷயத்தை வீட்டில் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

தனம் நிதானமாகச் சொன்னாள்: "அன்னிக்கு அப்பாவுக்கு எந்த நேரத்துக்கு எந்த வார்த்தைன்னு சரியாத் தெரியல. எனக்குத் தெரியணும்மா."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் ஏன் என்று கேட்டது நான். பதில் சரியாக இருந்தது. சட்டம் போட்டவளே அதை மீற முடியுமா? சரி என்றேன்.

கடைசியில் பொன்னியையும் கேட்டோம், அவள் முகம் வாடக்கூடாதே என்று. அவளுக்கு அப்போது நாலு வயது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தூங்குறது," என்றாள். அவளுக்கு அதையே கொடுத்தோம். மூன்று பேரில் எடுத்த காரியத்தை ஒரு நாளும் தவறாமல் செய்தவள் அவள்தான்.

வாத்தியார் வீடு தேடி வந்து வருத்தப்பட்டார். பேர் எடுப்பது நல்லதல்ல என்றார். நான் என் சட்டத்தைச் சொன்னேன். இப்படி ஒரு சட்டத்தை எங்கும் கேள்விப்பட்டதில்லை என்றார். சில வாரங்களில் தனத்தின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மாலையில் உட்கார நேரம் கிடைத்ததால், வகுப்பில் கேட்டதைத் திண்ணமாக மனத்தில் ஏற்றிக்கொண்டாள். சீக்கிரமே வாத்தியாரே அவளிடம் சந்தேகம் கேட்கும்படி ஆனது. எல்லாவற்றுக்கும் ஓடிய காலத்தில் அவள் எதிலும் முதலாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் ஜப்பான் பாஷையைச் சோதிக்கச் சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தனம் எழுந்து நின்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாளாம். முடிவில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடியது. அத்தனை குரல்களில் ஒரு குரல் தனியாகத் தெரிந்தால் என்ன செய்வது? அதிகாரி காதில் அது விழுந்துவிட்டது.

மறு வாரம் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. அதிகாரி இறங்கினார், பின்னால் வாத்தியார். வாத்தியார் முகத்தில் ரத்தமே இல்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து தலை குனிந்து நின்றார். நான் தனத்தை என் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.

அதிகாரி நீளமாக ஏதோ பேசினார். வாத்தியார் உதட்டை நனைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"பாப்பாவ பாட்டுக் குழுவுக்கு அனுப்பணுங்கிறாரு. தோட்டத்துக் குழு இல்லைங்க, டவுன் குழு. அலோர் ஸ்டாரு, பாலிங்கு, கூலிம்னு அவங்க முகாம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் லாரியில போயி பாடணும். வீட்டுக்கு அரிசி குடுப்பாங்களாம். நல்ல அரிசி."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த பயத்தை எழுத எனக்கு மனமில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு அந்தக் காலத்தில் ஒரு மனிதன் தன் வேலையில், தன் வீட்டில் இருந்துவிட முடியாது. சரி என்றால், பதின்மூன்று வயதுப் பெண்ணைச் சிப்பாய்கள் முகாமுக்கு லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

என் வாயில் அப்போது வேறு வார்த்தை வரவில்லை. "எங்க வீட்டுல ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான்," என்றேன். "அவ பாஷை படிக்கிறா. பாட்டுல அவ இல்ல. அதச் சொல்லுங்க வாத்தியாரே."

வாத்தியார் வாயைத் திறந்தார், மூடினார். அதைச் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பாஷை வரவில்லையா, தைரியம் வரவில்லையா, தெரியாது. அதிகாரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் தனம் என் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். இடுப்பு வரை குனிந்து எழுந்து, நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். என் கையைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். நான் சொன்னதைச் சொல்கிறாள் என்று புரிந்தது.

அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். தனம் பதில் சொன்னாள். இன்னொரு கேள்வி. அதற்கு அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பதில் சொன்னாள். அதிகாரி புருவத்தை உயர்த்திக் கையால் கூப்பிடுவதுபோல் சைகை செய்தார்.

"என்னடி சொன்ன?" என்றேன், உதடு அசையாமல்.

"பாட்டும் ஜப்பான் பாஷைதானே, அதுவும் உன் படிப்புலதானே சேரும்னு கேட்டாரு. எங்க வீட்டுல பாட்டு என் தம்பியோடதுன்னு சொல்லிட்டேன். அவனக் கூப்புடச் சொல்றாரு."

கதிரேசன் கொல்லையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான். முழங்கால்வரை மண்ணோடு வந்து நின்றான். அதிகாரியைக் கண்டதும் தானாகவே விறைத்து நிமிர்ந்தான். தனம் அவனிடம், சந்தைக்குப் போய்வரச் சொல்கிற குரலில், "தம்பி, நீ எடுத்தது பாட்டுன்னு சொல்லியிருக்கேன். ஒண்ணு பாடு," என்றாள்.

நான் பெற்ற பிள்ளை, இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கதிரேசனுக்குப் பாட்டு வராது. அவன் பாடினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும். அவன் ஒரு கணம் அக்காவைப் பார்த்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, கிழக்கே திரும்பி, பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பாட வைக்கிற அவர்களுடைய தேசிய கீதத்தை, டிரில் களத்தில் கட்டளை போடுகிற குரலில் எடுத்தான்.

அந்தப் பாட்டைக் கேட்டால் யாராக இருந்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். அதிகாரியும் கைகளை ஒட்டிவைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார். வாத்தியார் நின்றார், நாங்கள் நின்றோம். அது மெதுவாக இழுத்துப் பாட வேண்டிய பாட்டு. கதிரேசன் அதை இன்னும் மெதுவாக இழுத்தான். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்து கீழே விழுந்தது, கீழே வர வேண்டிய இடத்தில் எங்கோ போனது. பாடி முடித்தான் என்று அதிகாரி மூச்சு விட்டபோது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவர் மறுபடி கையை ஒட்டிவைத்துக்கொண்டார். அவர் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரண்டாம் முறை முடிந்ததும் அவர் சட்டென்று கையைத் தூக்கி நிறுத்தினார். கதிரேசனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தனத்திடம் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வாத்தியார் பின்னால் ஓடினார். கார் போன பிறகும் நாங்கள் அப்படியே நின்றோம்.

"என்ன சொன்னாரு?" என் வீட்டுக்காரரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"வீட்டுக்குன்னு ஒரு சட்டம் இருக்கிறது நல்லதுன்னாரு," என்றாள் தனம். "தம்பிய மட்டும் பாட்டுலேர்ந்து எடுத்து வேற எதுலயாச்சும் போடச் சொன்னாரு."

அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கதிரேசனிடம், "ஏன்டா அந்தப் பாட்ட எடுத்த?" என்று கேட்டேன்.

"எனக்கு வேற பாட்டே தெரியாதேம்மா," என்றான்.

அதற்குத்தான் சிரித்தோம். சிரித்து முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

6

பல நாட்கள் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் தனத்தைக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிடுவேன். யாரும் வரவில்லை. அந்தப் பாட்டுக் குழுவில் டவுன் பெண்கள் சிலர் போனார்கள். நல்லபடியாகத்தான் திரும்பி வந்தார்கள். அரிசியும் கிடைத்தது. "அனுப்பியிருந்தா நீயும் சோறு தின்னிருக்கலாம்," என்று பங்கீட்டு வரிசையில் ஒருத்தி என்னிடம் சொன்னாள். இருக்கலாம். அன்று வாசலில் நின்றபோது அது எனக்குத் தெரியாதே. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

அதற்குள் கெடாவைச் சயாமிடம் கொடுத்துவிட்டோம் என்று ஜப்பான்காரர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு கொடி ஏறியது, வேறு அதிகாரிகள் வந்தார்கள். சிலர் அவசரமாகச் சயாம் பாஷை படிக்கப் போனார்கள். தனத்தையும் கூப்பிட்டார்கள். "எடுத்தத முடிக்கல இன்னும்," என்று சொல்லிவிட்டு ஜப்பான் பாஷையிலேயே இருந்தாள். எனக்கே கொஞ்சம் பிடிவாதமாகத்தான் பட்டது.

பிறகு ஒரு நாள் சண்டை முடிந்துவிட்டது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கடிகாரத்தைப் பழையபடி திருப்பினோம். ஜப்பான்காரன் அச்சடித்துக் கொடுத்த நோட்டுகளைக் குழந்தைகள் காற்றில் பறக்கவிட்டு விளையாடினார்கள். ஜப்பான்காரனோடு யார் யார் ஒட்டி இருந்தார்கள் என்று விசாரணை நடப்பதாகப் பேச்சு வந்தது. அன்றிலிருந்து தோட்டத்தில் ஒருவருக்கும் அந்தப் பாஷையில் ஒரு வார்த்தையும் ஞாபகம் இல்லாமல் போயிற்று. அதுவரை வணக்கம்கூட அதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் மறந்துரு," என்று தனத்திடம் அவளுடைய அப்பா சொன்னார்.

தோட்டத்துக்கு வருகிற சாலையில் ஓடைப் பாலம் உடைந்திருந்தது. சரணடைந்த ஜப்பான் சிப்பாய்களை லாரியில் கொண்டுவந்து அதைக் கட்ட வைத்தார்கள். அவர்களை அந்தக் கோலத்தில் பார்க்கத் தோட்டமே திரண்டு போனது. நாங்களும் போனோம். காவலுக்கு நின்ற வெள்ளைக்கார அதிகாரிக்கு அவர்கள் சொல்வது புரியவில்லை. அவர் சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை. மரத்தைத் தவறான பக்கம் இறக்கினார்கள், அவர் கத்தினார், திரும்பத் தூக்கி மறுபடி தவறாக இறக்கினார்கள். கடைசியில் கணக்கெழுதக் கூட வந்திருந்த தமிழ்க் கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"இங்க யாருக்காச்சும் ஜப்பான் பாஷை தெரியுமா?"

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற சாமிநாதன் வாத்தியார் தன் கால் விரல்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சட்டென்று நகர்ந்து தனத்துக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"எனக்குத் தெரியும்," என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவரைச் சுற்றி முன்னால் வந்தாள்.

கிராணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்? யாரு சொல்லிக்குடுத்தா?"

வாத்தியார் மூச்சு விடுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

"எல்லாருக்குந்தான் சொல்லிக்குடுத்தாங்க," என்றாள் தனம். "நான் கத்துக்கிட்டேன்."

கிராணி அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, வெள்ளைக்காரர் தலையை ஆட்டி அவளை முன்னால் வரச் சொன்னார். அவள் ஓடைக்கரையில் இறங்கி நின்று, மரத்தை எந்தப் பக்கம் இறக்க வேண்டும், எந்தக் கட்டையை எதன்மேல் வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர் சொல்வதைக் கிராணி வழியாகக் கேட்டுச் சிப்பாய்களிடம் சொன்னாள். சாலையில் குனிந்து வணக்கம் சொல்ல வைத்த ஆட்கள், சட்டை போடாமல் விலா எலும்பு தெரிய, என் மகள் சொல்வதைக் கவனமாகக் கேட்டு சரி சரி என்பதற்கு "ஹை, ஹை" என்று சொல்லித் தலை குனிந்தார்கள். அவளும் பதிலுக்குக் குனிந்தாள். கூட்டத்தில் சிலர் அதற்கு முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்து வயது அவளுக்கு. சாக்குத் துணியில் நான் தைத்துக் கொடுத்த பாவாடை.

நடுவில் ஒரு சிப்பாய், பையன் மாதிரி இருந்தவன், கையைக் குவித்துக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். அவன் நெடுநேரம் அவளையே பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

திரும்பி வரும் வழியில் அவளுடைய அப்பா கேட்டார்: "அந்தப் பையன் உன்கிட்ட என்ன கேட்டான்?"

"ஓடைத் தண்ணியக் குடிக்கலாமான்னு கேட்டாம்ப்பா."

"நீ என்ன சொன்ன?"

"காய்ச்சிக் குடின்னு சொன்னேன்."

அவர் நின்றுவிட்டார். காலமெல்லாம் லயம் லயமாகப் போய் அதே வார்த்தையைச் சொல்லித் தொண்டை வற்றிய மனிதர். பிறகு கொஞ்ச தூரம் எங்களுக்கு முன்னால் நடந்தார். எதிரில் ரப்பர் பால்வாளியோடு ஒரு கிழவர் வந்தார். அவரை நிறுத்தினார்.

"என் மக ஜப்பான்காரனுக்கு அவன் பாஷையிலேயே வைத்தியம் சொல்லிட்டு வர்றா," என்றார்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அதை அவர் யார் யாரிடம் சொன்னார் என்று கணக்கில்லை. நாங்கள் பின்னாலேயே மெதுவாக நடந்து போனோம். ஒவ்வொரு முறை அவர் நிற்கும்போதும் நானும் தனமும் கூட நின்றோம்.